முன்னால் போகிற மூன்று பேர்

அந்த வருடம் நாங்கள் விளையாடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றோம். கொஞ்சத்தில் தவறவிட்டோம் என்று சொல்லவும் வழியில்லை. கடைசி ஆட்டத்தில் எதிரணிக்காரர்கள் பாதி நேரத்திலேயே தங்கள் நல்ல ஆட்டக்காரிகளை உட்காரவைத்துவிட்டுப் புதியவர்களை இறக்கினார்கள். அவர்களிடமும் தோற்றோம்.

ஒஸ்லோவில் ஒரு மாணவர் கழகத்தின் பெண்கள் அணி எங்களுடையது. விளையாட்டு, அமெரிக்க உதைபந்து. பெயரில்தான் உதை. பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பந்து எங்களிடம் இருக்கும்போது நான்கு முயற்சிகள் தருவார்கள். அதற்குள் பத்து யார்ட் தூரம் முன்னேறிவிட்டால் இன்னும் நான்கு கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து மற்றவர்களுக்கு. அப்படியே போய் அவர்களின் கடைசிக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, பிறகு ஒரு கூடுதல் முயற்சிக்கு இன்னும் ஒன்றோ இரண்டோ. விதிகள் ஒரு புத்தகம் நிறைய உண்டு. ஆனால் இதைச் சொன்னால் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வருடம் எங்களுக்கும் இதற்கு மேல் தேவைப்படவில்லை, ஏனென்றால் பத்து யார்ட் என்பதையே நாங்கள் அபூர்வமாகத்தான் கண்டோம்.

நான் அப்போது நேர்சிங் இரண்டாம் ஆண்டு. படிப்புத் தொடங்கும் வாரத்தில் கழகங்கள் எல்லாம் மேசை போட்டு ஆள் பிடிப்பார்கள். இலவச வாஃபிளுக்காக ஒரு மேசையடியில் நின்றேன். அங்கே நின்ற பயிற்றுநர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தமிழ் விழாக்களில் அப்படிப் பார்ப்பவர்கள் அடுத்து என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "சோத்தைக் கொஞ்சம் குறைச்சாலென்ன பிள்ளை." இந்த மனிதர் முகம் முழுக்கச் சிரிப்பாக, "இவ்வளவு நாளும் எங்கே இருந்தாய்?" என்று கேட்டார். கிழக்கு ஒஸ்லோவில், ரொம்மனில் இருந்தேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

என்னை நடுவில் நிறுத்தினார். நடுவில் நிற்பவள் குனிந்து, கால்களுக்கிடையால் பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, உடனே நிமிர்ந்து எதிரில் வருகிறவளைத் தடுக்க வேண்டும். எங்கள் லீக்கில் பக்கத்துக்கு ஏழு பேர். எனக்கு இடப்புறம் ஒருத்தி, வலப்புறம் ஒருத்தி. நாங்கள் மூவரும்தான் சுவர்.

இடப்புறம் நின்றவள் வட நோர்வேயில் செம்மறியாட்டுப் பண்ணையில் வளர்ந்தவள். ஆசிரியர் பயிற்சிக்காக ஒஸ்லோவுக்கு வந்திருந்தாள். அதிகம் பேச மாட்டாள். வலப்புறம் நின்றவள் ரொம்மனுக்குப் பக்கத்து ஹவுகன்ஸ்டுவாவில் வளர்ந்த சோமாலிப் பெண். சமூகப்பணி படித்தாள். அவள் பேசாமல் இருந்த நேரத்தை நான் கண்டதில்லை. தலைக்கவசத்துக்குள் கறுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, எதிரில் நிற்பவளிடம் படிப்பு எப்படிப் போகிறது என்று கேட்பாள்.

எங்களுக்குப் பின்னால் பந்தை வாங்கி எறிபவள் பதினெட்டு வயதுவரை ஹான்ட்பால் விளையாடியவள். அவளுடைய கை அற்புதமான கை. நாற்பது யார்ட் தூரம் பந்து ஒரு நூலில் போவதுபோலப் போகும். பயிற்றுநருக்கு அந்தக் கையில் மயக்கம். இளவயதில் ஒரு வருடம் அமெரிக்காவில் படித்து அங்கே விளையாடியவர் அவர். அங்கிருந்து கொண்டுவந்த தடித்த கோப்பு ஒன்று எப்போதும் அவர் அக்குளில் இருக்கும். அதில் இருந்தவை பெரும்பாலும் எறிகிற ஆட்டங்கள், அதாவது ஒவ்வொரு முயற்சியிலும் யார் எங்கே போவது என்று வரைந்த திட்டங்கள்.

எறிவதென்றால் எறிபவளுக்கு மூன்று நான்கு வினாடிகள் வேண்டும். அந்த வினாடிகளை நாங்கள் மூவரும்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, கைகளை நீட்டி, பின்னால் பின்னால் போய்க்கொண்டே வருகிறவர்களைத் தாமதப்படுத்த வேண்டும். எங்களால் இரண்டு வினாடி முடிந்தது. மூன்றாவது வினாடியில் ஹான்ட்பால்காரி தரையில் கிடப்பாள். தப்பித் தவறி எறிந்துவிட்டாலும், குளிரில் விறைத்த விரல்களில் பட்டுப் பந்து கீழே விழும்.

விழவிடுகிறவர்களில் முதலிடம் திருச்சி அக்காவுக்கு. அவர் திருச்சியிலிருந்து கணினித்துறை ஆராய்ச்சிக்கு வந்தவர், என்னைவிட நான்கு வயது மூப்பு. பள்ளியிலும் கல்லூரியிலும் நானூறு மீட்டர் ஓடியவர். எங்கள் அணியில் அவரைவிட வேகமாக ஓடக்கூடிய ஒருத்தியும் இல்லை. வேகமாக ஓடி, யாருமே இல்லாத இடத்துக்குப் போய், வந்த பந்தை விட்டுவிடுவார்.

"பந்தை வடிவாப் பிடியுங்கோ அக்கா," என்று ஒருநாள் சொன்னேன்.

"வடிவான்னா? அழகா பிடிக்கணுமா, கீழ விழாம பிடிக்கணுமா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டாவதே வரல. முதலாவதுக்கு எங்கடி போறது."

அந்த "டி" எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் "டி" போட்டால் சண்டை என்று அர்த்தம். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் இருந்தேன். பிறகு அவர் தன் உயிர்த்தோழியுடன் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டேன். வாக்கியத்துக்கு ஒரு "டி" விழுந்தது. என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார் என்று விளங்கியது.

பருவம் முடிந்த பிறகு, நவம்பரில், நான் பகுதிநேரமாக வேலை செய்த முதியோர் இல்லத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண், கனத்த உடம்புடைய ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றப் போராடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்று கைகளால் இழுத்தாள். அவர் அசையவில்லை. நான் போய்க் காட்டினேன். கிட்டப் போ, இன்னும் கிட்ட. இடுப்பைத் தாழ்த்து. காலை அகட்டு. கை பிடிப்பதற்கு மட்டும், பாரம் கால்களில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், சின்னச் சின்ன அடி. ஒன்று, இரண்டு, மூன்று. அவர் நாற்காலியில் இருந்தார். எங்களுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை.

படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டு நின்றபோது சட்டென்று நினைத்தேன்: மைதானத்தில் நான் இதற்கு நேர்மாறாக அல்லவா செய்கிறேன். நிமிர்ந்து நிற்கிறேன், கையை நீட்டுகிறேன், பின்னால் போகிறேன். என் எடையில் பாதிகூட இல்லாதவள் என்னைத் தள்ளிக்கொண்டு போகிறாள். நாங்கள் மூன்று பேரும் பாரம் நகர்த்தப் பிறந்த உடம்புக்காரிகள். எங்களை முன்னால் போகச் சொன்னால் என்ன?

முன்னால் போவதென்றால் எறியக் கூடாது, ஓட வேண்டும். நாங்கள் வழியைத் திறக்க, பந்தை வைத்திருப்பவள் எங்களுக்குப் பின்னால் ஓடிவர வேண்டும்.

பயிற்றுநரிடம் சொல்வதற்கு ஒரு வாரம் எடுத்தது. நோர்வேஜிய மொழியில் எல்லாருக்கும் ஒரே "நீ"தான். ஆனாலும் எனக்கு மூத்தவர்களோடு வாதிடும்போது நாக்கு தடக்கும். உடற்பயிற்சிக்கூட வாசலில் அவரை மறித்தேன்.

"நாங்கள் ஓட வேண்டும்," என்றேன். "எறிவதைக் குறைக்க வேண்டும்."

"அந்தக் கையை வைத்துக்கொண்டா?"

"அந்தக் கை தரையில் கிடக்கிறது. எங்களால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் எங்களால் தள்ள முடியும்."

அவர் கோப்பைத் தூக்கிக் காட்டினார். "இதில் ஓடுகிற ஆட்டம் நான்கோ ஐந்தோதான். அதற்கு மூன்று பேரும் ஒரு உடம்புபோல அசைய வேண்டும். அது வர வருடக்கணக்காகும்."

"குளிர்காலம் முழுக்க இருக்கிறது."

அவர் யோசித்தார். கெட்ட மனிதரல்ல. தோற்றுத் தோற்று அவருக்கும் அலுத்திருந்தது. "மூன்று பேரும் தனியாகப் பயிற்சி செய்யுங்கள்," என்றார். "வசந்தத்தில் பார்க்கலாம்." என்னை அனுப்பிவிடுவதற்காகச் சொன்னார் என்றே நினைத்தேன்.

எங்களுக்கு மண்டபம் வாரத்தில் ஒருநாள்தான் கிடைத்தது. அதில் மூன்று பேருக்குத் தனி இடம் இல்லை. டிசம்பரில் பெரிய பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, ஹவுகன்ஸ்டுவாக்காரியின் வீட்டுக்கு ஆட்டுப்பண்ணைக்காரியும் நானும் போயிருந்தோம். அடுக்குமாடிகளுக்குக் கீழே கார்கள் நிறுத்தும் இடத்தில் ஒருவருடைய கார் பனியில் புதைந்து சக்கரம் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மூவரும் போய்த் தள்ளினோம். முதலில் கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் திரும்பவும் புதைந்தது, ஏனென்றால் ஆட்டுப்பண்ணைக்காரி எங்களுக்கு முன்னரே தள்ளத் தொடங்கிவிட்டாள்.

"நில்லுங்கள்," என்றேன். "கையால் தள்ள வேண்டாம். நெஞ்சை வையுங்கள். இடுப்பைத் தாழ்த்துங்கள். சின்ன அடி. நான் மூன்று என்றதும்."

கார் வெளியே வந்தது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி நன்றி சொல்லிவிட்டுப் போனார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். அடுத்த வரிசையில் இன்னொரு கார் புதைந்து நின்றது.

அந்தக் குளிர்காலம் முழுவதும், பனி கொட்டிய நாட்களில் எல்லாம், நாங்கள் கார் தள்ளினோம். ஹவுகன்ஸ்டுவாவில் தள்ளினோம், ரொம்மனில் தள்ளினோம். ஒருமுறை காய்கறி வான் ஒன்றையும் தள்ளினோம். புதைந்த கார் கிடைக்காத நாளில் ஹவுகன்ஸ்டுவாக்காரியின் அண்ணனை அவனுடைய காரில் உட்காரவைத்து, மேட்டில் தள்ளினோம். அவன் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நாங்கள் ஒரே மூச்சில் தொடங்குவதற்குப் பழகினோம். மூவரில் ஒருத்தி அரைக்கணம் பிந்தினாலும் கார் கோணலாகப் போகும். அதைவிடக் கறாரான பயிற்றுநர் எங்களுக்குக் கிடைத்ததில்லை.

செய்தி அம்மாவிடம் எனக்கு முன்னமே போய்ச் சேர்ந்தது. குறொன்லாண்டில் மரக்கறி வாங்கப் போன இடத்தில் யாரோ கேட்டிருக்கிறார்கள்.

"உன்ர மகள் நேர்சிங் படிக்கிறாளோ, கார் திருத்துற கராச்சிலை வேலை செய்யிறாளோ எண்டு கேக்கினம்," என்றார் அம்மா, பையை மேசையில் வைத்துக்கொண்டே. "ஊராற்றை காரெல்லாம் தள்ளுறியாம். இது என்ன டுக்னாட்டோ?"

டுக்னாட் என்பது குடியிருப்பில் எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்கிற சிரமதானம்.

"பயிற்சி அம்மா."

"என்ன பயிற்சி?"

"ஆளைத் தள்ளுறதுக்கு."

அம்மா பையிலிருந்து கத்தரிக்காயை எடுத்தார். "உவ்வளவு கஷ்டப்பட்டுத் தள்ளி, பேந்து பந்தை நீதானே கொண்டு ஓடுவாய்?"

"இல்லை. அது வேறை ஆள்."

"அப்ப உனக்கு என்ன லாபம்," என்று கேட்டுவிட்டுக் கத்தரிக்காயைக் கழுவப் போனார்.

அந்த வேறு ஆள் திருச்சி அக்காதான். ஓடுகிறவளுக்குப் பந்தைப் பிடிக்க வேண்டிய வேலை இல்லை. எறிபவள் அதை அவள் வயிற்றில் வைத்து அழுத்துவாள். இரண்டு கையாலும் மூடிக்கொண்டு ஓட வேண்டியதுதான். நான் இதைச் சொன்னபோது அக்காவின் முகத்தில் வந்த நிம்மதியை விவரிக்க முடியாது.

ஆனால் பெப்ரவரியில் மண்டபத்தில் ஓடிப் பார்த்தபோது வேறு பிரச்சினை வந்தது. அவர் மிக வேகமாக வந்தார். நான் எதிரில் நிற்பவளை அசைக்கத் தொடங்கும்போதே என் முதுகில் வந்து மோதினார். அன்று எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. முதுகில் நீலம் பாரித்தது.

"அக்கா, நீங்கள் அவசரப்படுறியள். நான் இன்னும் ஆளைத் தள்ளி முடியேல்லை."

"நான் என்ன பண்றது. துப்பாக்கிச் சத்தம் கேட்டா ஓடணும்னு பதிமூணு வயசுலேந்து பழக்கம். நின்னு ஓடுன்னா எப்படி ஓடுறது?"

"என்ர முதுகைப் பாத்துக்கொண்டு வாங்கோ. நான் எந்தப் பக்கம் திரும்புறனோ, அதுக்கு மற்றப் பக்கத்தாலை போங்கோ."

அவர் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். திடீரென்று சிரிக்கத் தொடங்கினார்.

"என்ன?"

"எங்க ஊர்ல சத்திரம் பஸ் ஸ்டாண்டுல, காலைல டவுன் பஸ் ஏறணும்னா ஒரு வழி இருக்கு. இடிச்சுக்கிட்டு ஓடுனா ஏறவே முடியாது. முன்னாடி நல்லா..." என்று நிறுத்தினார்.

"நல்லா?"

"நல்லா உடம்பா ஒரு அம்மா போவாங்க. அவங்க முதுகுல லேசா கையை வச்சுக்கணும். அவங்க கூட்டத்தைப் பிளந்துக்கிட்டுப் போவாங்க. அவங்க ஒரு காலைப் படியில வச்சதும் பக்கத்துல ஒரு சந்து தெரியும். அப்பதான் ஓடணும். அதுக்கு முந்தி ஓடுனா செத்தோம்."

"அப்ப நான் தான் அந்த அம்மா."

"தப்பா எடுத்துக்காதடி."

நான் தப்பாக எடுக்கவில்லை. என் உடம்பைப் பற்றி அதுவரை யாரும் சொன்னவற்றில் இதுதான் நல்ல வார்த்தை. அன்றிலிருந்து திருச்சி அக்கா பந்தை வாங்கியதும் இரண்டடி மெதுவாக வந்து, இடது கையை என் முதுகில் தொடுவதுபோல வைப்பார். அந்தக் கை முதுகைவிட்டுப் போகும்போது எனக்குத் தெரியும், அவர் போய்விட்டார். அதன்பிறகு அவரைப் பிடிப்பது மற்றவர்களுடைய பாடு.

வருத்தப்பட்டவள் ஹான்ட்பால்காரிதான். "ஏழு வயதிலிருந்து எறிகிறேன்," என்றாள் ஒருநாள் உடைமாற்றும் அறையில், என்னைப் பார்க்காமல். "இப்போது நான் தபால்காரி. வாங்கிக் கொடுக்கிறேன்." அவளுடைய இடுப்பில் இன்னும் போன பருவத்துக் காயம் இருந்தது. "நீ நிமிர்ந்து நிற்கிற நாள் வரும். அப்போது எறி," என்றேன். அடுத்த வாரம் அவள் பந்தைக் கொடுப்பதுபோலப் பாவனை செய்து, கொடுக்காமல் தன் பின்புறம் மறைக்கப் பழகிக்கொண்டு வந்திருந்தாள். அது அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. நாங்களே ஏமாந்தோம்.

ஏப்ரல் கடைசியில் முதல் ஆட்டம். பயிற்றுநர் தடித்த கோப்போடுதான் வந்தார். முதல் பாதி முழுவதும் எறிந்தோம். பழைய கதைதான். இடைவேளைக்குள் அவர்கள் இரண்டு தடவை எங்கள் கோட்டைத் தாண்டியிருந்தார்கள், நாங்கள் ஒரு தடவையும் தாண்டவில்லை. மழை தூறியது. ஹான்ட்பால்காரி குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். பயிற்றுநர் கோப்பைப் புரட்டி அடுத்த பக்கத்தைத் தேடினார்.

ஆட்டுப்பண்ணைக்காரிதான் பேசினாள். அந்த வருடத்தில் அவள் எல்லாருக்கும் கேட்கப் பேசியது அதுதான் முதல் தரம். "நான் நான்கு மாதம் கார் தள்ளினேன்," என்றாள். "இன்றைக்கு ஒருத்தியையும் தள்ளவில்லை."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. பயிற்றுநர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எத்தனை ஆட்டம் தெரியும் உங்களுக்கு?"

"வலப்பக்கம் ஓடுவது, இடப்பக்கம் ஓடுவது," என்றேன். "பிறகு கொடுப்பதுபோலக் காட்டி எறிவது. மூன்று."

அவர் கோப்பை மூடி, உட்காரும் வாங்கின் கீழே வைத்தார். "சரி. இரண்டாம் பாதி உங்களுடையது."

முதல் முறை பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு நான் முன்னால் போனேன். எதிரில் நின்றவள், நான் வழக்கம்போல நிமிர்ந்து பின்வாங்குவேன் என்று எதிர்பார்த்து எட்டிப் பாய வந்தாள். நான் அவளுடைய நெஞ்சுக்குக் கீழே இருந்தேன். வலப்பக்கத்திலிருந்து ஹவுகன்ஸ்டுவாக்காரியின் தோள் வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் சின்ன அடி வைத்தோம். ஒன்று, இரண்டு, மூன்று. அவள் போனாள். பின்னால் போய்க்கொண்டே இருந்தாள், புதைந்த கார் ஒன்று கடைசியில் இளகிக் கொடுப்பதுபோல. என் முதுகில் இருந்த கை போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தபோது திருச்சி அக்கா பத்து யார்ட் தாண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். என்னைச் சுற்றி எல்லாரும் கத்தினார்கள். இருபத்திரண்டு வயதில் முதல் தடவையாக, என் முழுப் பாரத்தையும் ஒளிக்காமல் பயன்படுத்தியிருந்தேன்.

அன்று நாங்களும் இரண்டு தடவை கோட்டைத் தாண்டினோம். ஒரு புள்ளியால் தோற்றோம். ஆனால் உடைமாற்றும் அறையில் தோற்றவர்கள்போல யாரும் இருக்கவில்லை. மறுநாள் பயிற்றுநர் எல்லாருக்கும் ஒரு தாள் அனுப்பினார். எங்கள் மூன்று ஆட்டங்களையும் ஒரே பக்கத்தில் வரைந்திருந்தார். கீழே எழுதியிருந்தார்: "இவ்வளவுதான். இதை நன்றாகச் செய்வோம்."

அடுத்த ஆட்டத்தை வென்றோம். அதற்கடுத்ததையும் வென்றோம். முந்தின வருடம் நல்லவர்களை உட்காரவைத்துவிட்டு எங்களுக்கு எதிராகப் புதியவர்களை இறக்கிய அணி, அந்த வருடம் யாரையும் உட்காரவைக்கவில்லை. அந்த ஆட்டத்தில் எங்கள் ஓட்டத்தை நிறுத்துவதற்காக அவர்கள் எல்லாரும் முன்னால் வந்து நெருங்கி நின்றார்கள். ஹான்ட்பால்காரி திருச்சி அக்காவின் வயிற்றில் பந்தை வைத்தாள், எடுத்தாள், தன் பின்னால் மறைத்தாள். ஏழு பேரும் திருச்சி அக்காவின்மேல் விழுந்தார்கள். ஹான்ட்பால்காரி நிமிர்ந்து நின்றாள். அவளைச் சுற்றி ஒருவரும் இல்லை. அவள் அவசரப்படவே இல்லை. பந்து அந்தப் பழைய நூலில் போவதுபோலப் போய், தனியாக ஓடிக்கொண்டிருந்த எங்கள் ஆளின் கையில் இறங்கியது. ஹான்ட்பால்காரி திரும்பி என்னிடம் ஓடிவந்து தலைக்கவசத்தோடு தலைக்கவசத்தை மோதினாள். "நிமிர்ந்து நின்றேன்," என்றாள். அவ்வளவுதான்.

கடைசி ஆட்டம் ஜூன் நடுவில். மேற்குக் கரையிலிருந்து வந்த அணி. இரண்டு அணிகளும் ஒவ்வொரு ஆட்டத்தில்தான் தோற்றிருந்தோம். வெல்பவர்களுக்கு முதலிடம். அன்று வெயில் செயற்கைப் புல்லில் அடித்து, அதிலிருக்கும் கறுப்பு ரப்பர்த் துகள்கள் சூடேறி மணத்தன. அந்தத் துகள்களைப் பற்றி அம்மாவுக்கும் எனக்கும் வசந்தம் முழுக்கச் சண்டை. சலவை இயந்திரத்தின் அடியில் கைநிறையக் கிடக்கும். அன்று அம்மா ஆட்டம் பார்க்க வந்திருந்தார். தே-பானெ ரயிலில் தனியாக வந்து, தடுப்புக் கம்பியோரம் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில் திருச்சி அக்காவின் ஆய்வுக்கூடத்து நண்பர்கள் இரண்டு பேர் சென்னைத் தமிழில் ஆட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

என் எதிரில் நின்றவள் பெரிய உடம்புக்காரி, என்னைவிடவும். நல்லவள். விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவாள், அடுத்த முறை என்னை விழுத்துவாள். ஆட்டம் முழுக்க அப்படியே போனது. ஆறு நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஐந்து புள்ளி பின்னால். பந்து எங்களிடம் வந்தது. கடைசிக் கோட்டுக்கு அறுபது யார்ட் இருந்தது.

வலப்பக்கம் ஓடினோம். நான்கு யார்ட். திரும்பவும் வலப்பக்கம், மூன்று. இடப்பக்கம், ஐந்து. புதிய நான்கு முயற்சிகள். பெரியதாக ஒன்றும் நடக்கவில்லை. யாரும் பறக்கவில்லை. குனிந்தோம், மூன்று எண்ணினோம், போனோம். மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும் நாங்கள் என்ன செய்யப்போகிறோம் என்று. எதிரில் நின்றவள் மூச்சிரைத்தபடி என்னிடம் கேட்டாள்:

"திரும்பவும் இங்கேயா?"

"இங்கேதான்," என்றேன்.

ஹவுகன்ஸ்டுவாக்காரி பக்கத்திலிருந்து, "வேறு எங்கே போவது, எங்களுக்கு மூன்று ஆட்டம்தான் தெரியும்," என்றாள். எதிரில் நின்றவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே என்னோடு மோதினாள். நாங்கள் நான்கு யார்ட் போனோம்.

பன்னிரண்டு யார்ட் மிச்சம் இருந்தபோது ஒரு தடவை அவர்கள் எங்களை நிறுத்திவிட்டார்கள். நான்காவது முயற்சி. புதிய நான்கு கிடைக்க இன்னும் ஒன்றரை யார்ட் வேண்டும். நிமிடம் ஒன்றும் சொச்சமும். தவறினால் ஆட்டம் முடிந்தது. பயிற்றுநர் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அவர் கையில் கோப்பு இல்லை. ஹான்ட்பால்காரியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டி என்னைக் காட்டினாள்.

"கிடைக்குமா?" என்று என்னிடம் கேட்டார்.

ஆட்டுப்பண்ணைக்காரியின் கன்னத்தில் இரத்தம் கோடாக இறங்கியிருந்தது. அவள் கையுறையை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கிடைக்கும்," என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"அவளுக்கு மேலாலேயே."

அவர் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

குனிந்தேன். பந்தைப் பிடித்தேன். பின்னாலிருந்து திருச்சி அக்காவின் குரல் கேட்டது, மெதுவாக, எனக்கு மட்டும். "பஸ் வந்துருச்சு."

பந்தைக் கொடுத்தேன். அந்தப் பெரியவளின் உடம்பும் என் உடம்பும் ஒரே கணத்தில் மோதின. ஒரு அங்குலம்கூட அசையவில்லை, இரண்டு பேரும். பிறகு வலப்புறத்துத் தோள் வந்தது, இடப்புறத்துத் தோள் வந்தது. ஒன்று என்று யாரோ எண்ணினார்கள், நானாகவும் இருக்கலாம். இரண்டு. மூன்று. என் நெற்றிக்குக் கீழே அவளுடைய பாதங்கள் பின்னால் சறுக்குவதைப் பார்த்தேன். முதுகில் கை இருந்தது. இன்னும் இருந்தது. அவர் காத்திருந்தார், அவ்வளவு கூட்டத்துக்குள்ளும். பிறகு கை எடுபட்டது.

நான் முகம் குப்புற விழுந்தேன். வாய்க்குள் ரப்பர்த் துகள். எதையும் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் கேட்டேன். ஒன்றரை யார்ட்டுக்கு இவ்வளவு சத்தம் வராதே என்று நினைத்தேன். தலையைத் தூக்கினால், திருச்சி அக்கா கடைசிக் கோட்டுக்கு அப்பால், தனியாக, பந்தை வயிற்றோடு இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றார். யாராவது வந்து வாங்கும்வரை விடமாட்டேன் என்பதுபோல நின்றார். நடுவர் இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தார்.

எதிரில் விளையாடியவள் என்னைத் தூக்கிவிட்டாள். "அடுத்த வருடம் வருவாயா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன். "சரி. நானும் கார் தள்ளப் போகிறேன்," என்றாள். ஹவுகன்ஸ்டுவாக்காரி ஆட்டத்துக்கு நடுவே எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

மீதி நேரத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. விசில் ஊதியபோது ஆட்டுப்பண்ணைக்காரி மைதானத்தின் நடுவில் மல்லாந்து படுத்துவிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் அவளுக்குப் பக்கத்தில் படுத்தோம். ஒருவரும் பேசவில்லை, ஹவுகன்ஸ்டுவாக்காரிகூட. கொஞ்ச நேரத்தில் திருச்சி அக்கா வந்து எங்கள்மேல் விழுந்தார். பந்து அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

அம்மா கம்பியைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார். என் முகத்தைக் கைலேஞ்சியால் துடைத்தார். காயம் இருக்கிறதா என்று கழுத்து, கை, விரல் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து நான் குளித்துக்கொண்டிருந்தபோது, கனடாவிலிருக்கும் பெரியம்மாவோடு அவர் கதைப்பது கதவுக்கு வெளியே கேட்டது.

"ஓமோம், வெண்டிட்டினம். இல்லையக்கா, ஓடினது இந்தியாப் பிள்ளை. எங்கடை ஆள் முன்னுக்கு நிண்டு சனத்தை விலத்தி விடுறவள். சும்மா இல்லை, ஒரு மலை மாதிரி ஒருத்தி நிண்டவள், அவளைத் தள்ளிக்கொண்டு போட்டாள். நான் என்ர கண்ணாலை கண்டனான்." கொஞ்ச நேரம் மறுபக்கத்தைக் கேட்டார். "மெலியவோ? ஏன் மெலிய வேணும்?"

நான் தண்ணீரை நிறுத்தாமல் நின்றேன். காலடியில் கறுப்புத் துகள்கள் சுழன்று சுழன்று போய்க்கொண்டிருந்தன.